மறைவில் வளரும் மரு

1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழியில் வந்து, 1964 முதல் நேருவின் நாமத்தைத் தாங்கிப் புதுச்சேரிக் கோரிமேட்டில் விளங்கிவரும் ஜிப்மர் மருத்துவமனையை நாடிக் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் அன்றாடம் ஜனங்கள் வருகிறார்கள். அங்கே சர்க்கரை வியாதியையும் இருதய நோயையும் பக்கத்தில் நிற்பவரிடமே விஸ்தாரமாகச் சொல்லும் நம்மவர், மறைவிடத்தில் ஒரு மரு தோன்றிவிட்டால் மட்டும், அதைக் கட்டிய மனைவியிடத்தும் சொல்லாமல், சுண்ணாம்பு வைத்துச் சுட்டும் மயிரிழையால் கட்டி அறுத்தும் பார்த்து, புண் பெரிதான பிறகே வைத்தியரைத் தேடுகிறார்கள்.

லஜ்ஜை மனித சுபாவம். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் வெட்கத்தை மீறி அறியவேண்டியது ஒன்று உண்டு: இந்த மருவுக்குக் காரணம், பால்வினை வழியே பரவும் எச்.பி.வி. என்னும் வைரஸ். அதன் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளில் 6, 11 என்ற இரண்டே இத்தகைய மருக்களில் பத்தில் ஒன்பதை உண்டாக்குகின்றன. 16, 18 என்ற வேறு இரண்டு, கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய எழுபது சதவீதத்துக்குக் காரணமாகின்றன. இவ்வைரஸுக்கும் அப்புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்ட ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. மரு கண்டவர் புற்று வந்துவிட்டதென்று நடுங்க வேண்டியதில்லை. மருவை உண்டாக்கும் வகைகள் பெரும்பாலும் புற்றை உண்டாக்குவதில்லை.

மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொற்று உடலில் புகுந்து சில வாரங்களிலும் மரு தோன்றலாம், பல மாதங்கள், ஏன், வருஷங்கள் கழிந்தும் தோன்றலாம். ஆகையால் இன்று கண்ட மருவை வைத்து நேற்றைய நடத்தையைத் தீர்மானித்து, கணவன் மனைவிமேலோ மனைவி கணவன்மேலோ அபவாதம் சுமத்துவது பெரும் அநியாயம். எத்தனை குடும்பங்கள் இந்த ஒரு செய்தி தெரியாமல் கலங்கியிருக்கும்!

தடுக்கும் வழிகளில் ஆணுறை நன்மை தருவதே; எனினும் தோலோடு தோல் உராய்வதாலேயே இவ்வைரஸ் பரவுவதால், உறை மூடாத இடங்களுக்கு அதனால் காவல் இல்லை. தடுப்பூசியின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. புனே சீரம் நிறுவனம் தயாரித்து 2023 ஜனவரியில் வெளியிட்ட செர்வாவேக், மேற்சொன்ன நான்கு வகைகளையும் தடுப்பது. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள், அதாவது தாம்பத்திய வாழ்வு தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, போட்டுக்கொண்டால் இரண்டு தவணை போதும். குழந்தைக்கு இது எதற்கு என்று முகஞ்சுளிக்கும் தாய்மார்கள், அம்மைக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் வியாதி வருமுன்னரே ஊசி போட்டதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2007 முதல் பெண்பிள்ளைகளுக்கு இவ்வகை ஊசி போட்டதில், சில ஆண்டுகளுக்குள் இளம்பெண்களிடம் மரு அருகிப்போனதோடு, ஊசியே போடாத வாலிபர்களிடமும் குறைந்தது. பின்னர் 2013-இல் ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பையன்களையும் நாம் மறந்துவிடலாகாது.

மரு வந்துவிட்டவர்க்கோ, திரவ நைட்ரஜனால் உறையச் செய்தும், போடோபிலின் முதலிய மருந்துகளைத் தடவியும் சிகிச்சை செய்கிறார்கள். போடோபிலின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்பதால் கர்ப்பத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேகப்புண் எனும் சிபிலிஸும் சிலவேளை மருவைப் போன்ற தடிப்பாக வருவதுண்டு. அதைப் பிரித்தறிய ரத்தப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனைகளின் ‘சுரக்ஷா’ மையங்களில் பால்வினை நோய்களுக்கான ஆலோசனையும் சிகிச்சையும் இலவசமாகவே கிடைக்கின்றன. தம்பதியர் இருவரும் சேர்ந்தே செல்வது உத்தமம்.