கலங்கல் நீர் சொல்லும் சேதி

தென்பெண்ணையின் குறுக்கே 1950ஐ ஒட்டிக் கட்டப்பட்ட எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு, 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது அது. எழுபது ஆண்டு தாங்கியது ஒரே மழையில் எப்படிப் போகும்?

ஒரே மழையில் போவதில்லை. தாண்டி விழும் நீர் கீழ்ப்புற மணலை வெள்ளந்தோறும் அரிக்கும். ஷட்டர்கள் துருப்பிடித்து இறுகினால் ஆறு பக்கவாட்டுக் கரையைத் தின்னும்.

ஏரிக்கரையிலோ ஆபத்து கண்ணுக்கே தெரியாது. எலி வளை, பட்ட மரத்தின் மக்கிய வேர், மதகுச் சுவரோரம் ஒரு வெடிப்பு போதும். கசியும் நீர் மண்ணை இழுத்துவந்து, உள்ளே குழாய்போல் வழி குடைந்துவிடும்.

வெளிச்சரிவில் கசியும் நீரைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் தொடர்ந்து கவனிக்கலாம். கலங்கலாக வந்தால் கரை உள்ளே கரைகிறது. அந்த ஊற்றை மண் கொட்டி அடைப்பது தவறு, நீர் வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி நீரைத் தேக்கினால் எதிரழுத்தம் கூடி, மண் வெளியேறுவது குறையும்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலையடுத்து, அதே தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டது. அவ்வளவு நீர் வரும்போது கரையைப் பழுதுபார்க்க நேரமிருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மதகையும் கரையையும் ஆகஸ்டிலேயே நடந்து பாருங்கள். கலங்கல் கசிவைக் கண்டால் அன்றே நீர்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.