படகுக்குக் காத்திருந்த ஒரு பகல்



கடையைப் பூட்டினால் வாடிக்கை போய்விடும் என்று சொல்லித்தான் எங்கள் தகப்பனார் எங்களை வளர்த்தார். நாங்களும் 40 ஆண்டுகளாகத் தீபாவளி, பொங்கல் தவிர மண்டியைப் பூட்டியதில்லை. ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் மகன் 2023 ஜூலையில் பிடிவாதமாக அழைத்ததால், சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கணவனும் மனைவியுமாகப் புறப்பட்டோம். அங்கிருந்து மகனோடு படகு மாறிப் படகு ஏறி, தீவு தீவாகப் பின்லாந்து போய்ச் சேர்ந்தோம். அந்தப் பயணத்தில் நம் தொழிலுக்கு வேண்டிய செய்திகளும் இருந்ததால் இதை எழுதுகிறோம்.

சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கடலில் இருப்பவை ஆலந்து தீவுகள். சிறிதும் பெரிதுமாக 6,000-க்கு மேல். அவற்றில் மக்கள் வாழ்வது ஏறத்தாழ 60 தீவுகளில்தான். மொத்த ஜனத்தொகை சுமார் 30,000. பேசுவது சுவீடிஷ் மொழி, நாடு பின்லாந்து. 1921-ல் சர்வதேச சங்கம் எடுத்த முடிவுப்படி பின்லாந்துக்கு உட்பட்டுத் தன்னாட்சி நடத்துகிறார்கள்.

தொட்டால் கடை உண்டு

ஸ்டாக்ஹோமில் ஏறிய பெரிய கப்பலில் எங்கள் கண்ணில் முதலில் பட்டது கடைதான். மது, மிட்டாய், வாசனைத் திரவியம் என்று அப்படியொரு கூட்டம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ஓடும் கப்பல்களில் தீர்வையில்லா விற்பனை 1999 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டது. ஆனால் 1995-ல் பின்லாந்து ஒன்றியத்தில் சேர்ந்தபோதே, ஆலந்துக்கு வரி விஷயத்தில் விலக்கு வாங்கி வைத்திருந்தார்கள். ஆகவே சுவீடன், பின்லாந்து இடையே ஓடும் கப்பல்கள் வழியில் ஆலந்தைத் தொட்டுவிட்டுப் போகின்றன. சில கப்பல்கள் நடுராத்திரியில்கூட வந்து தொடுகின்றன. தொட்டால் கடை உண்டு, தொடாவிட்டால் இல்லை. 30,000 பேர் வாழும் ஊர் முன்யோசனையோடு வியாபாரம் பேசியதன் பலன் இது.

தலைநகர் மரியேஹாமில் 'பொம்மர்ன்' என்ற நான்கு பாய்மரக் கப்பலைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1903-ல் கிளாஸ்கோவில் கட்டியது. நீராவிக் கப்பல் காலத்திலும் அவ்வூர் முதலாளி குஸ்தாஃப் எரிக்சன் இத்தகைய கப்பல்களை மலிவாக வாங்கி, ஆஸ்திரேலியக் கோதுமையை இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்றார். பயணம் மூன்று நான்கு மாதம் பிடிக்கும். காற்றுக்குக் காசு இல்லை. கோதுமைக்கும் அவசரம் இல்லை. சரக்கின் குணம் அறிந்து வண்டி பிடிப்பது என்பது இதுதானே!

படகு தவறியது

மரியேஹாமிலிருந்து பஸ்ஸில் லாங்னேஸ் துறைக்குப் போய்ச் சிறு படகுகளில் ஏறினோம். ஒரு தீவில் கிராமத்தார் இறங்குவார்கள். அடுத்த தீவில் சரக்கு லாரி ஏறும். சொட்டுங்கா என்ற தீவூரில் சுமார் 100 பேர்தான். பின்லாந்திலேயே ஜனத்தொகையில் மிகச் சிறிய நகராட்சி அதுதானாம். இரவு 10 மணிக்கும் வெயில் அடிக்கிறது.

வழியில் ஒரு தீவில் இரவு தங்கினோம். மறுநாள் காலை, படகுக்கு நேரமிருக்கிறதே என்று அங்கிருந்த ஒரே மளிகைக் கடைக்குள் நுழைந்து, தொழில் புத்தியில் அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டோம். துறைக்கு ஓடியபோது 4 நிமிடம் தாமதம். படகு போய்விட்டது. அடுத்தது மாலையில்தான். தப்பு எங்களுடையது, வீட்டம்மாவின் கோபமும் நியாயமானது.

கடைக்கார அம்மையார் எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். மகன் மொழிபெயர்க்க, மாலை வரை தொழில் பேசினோம். படகு வரும் நாளைப் பார்த்துத்தான் அவருடைய கொள்முதல். ரொட்டி எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்கிறார். தபால் பொட்டலமும் அங்கேதான், பெட்ரோலும் அங்கேதான். "கடை மூடினால் பிள்ளைகுட்டி உள்ளவர்கள் தீவை விட்டுப் போய்விடுவார்கள். பிறகு பள்ளிக்கூடமும் மூடும்" என்றார். லாபம் சொற்பம். ஆனால் ஒரு ஊரே அந்தக் கல்லாவை நம்பி நிற்கிறது.

எங்கள் விடுமுறை பற்றிக் கேட்டார். வருடத்துக்கு 2 நாள் என்றோம். அவர் சிரித்துவிட்டு, தாம் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். "நம்பிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அது கடை இல்லை, சிறை" என்றார். பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை.

நம்பிக்கையும் ஏலக்காயும்

சாலையோரத்தில் ஆளில்லாத பந்தலில் புது உருளைக்கிழங்கு இருந்தது. பக்கத்தில் விலைச்சீட்டும் உண்டியலும். எடுத்துக்கொண்டு காசைப் போட வேண்டியதுதான். சில்லறைத் தகராறும் கிடையாது. பின்லாந்தில் 1, 2 சென்ட் நாணயங்கள் புழக்கத்தில் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை 5 சென்டுக்குச் சரிக்கட்டிவிடுகிறார்கள். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்துப் பழகிய நமக்கு இது வியப்புதான்.

ஆலந்து அப்பம் என்று ஒரு பலகாரம். பால், முட்டை, ரவையோடு ஏலக்காய் சேர்த்துச் சுட்டு, உலர்ந்த பிளம்ஸ் கூழுடன் தருகிறார்கள். முட்டை என்றதும் வீட்டம்மா தொடவில்லை. மணத்தை மட்டும் ரசித்தார். போடி, வண்டன்மேட்டு வாசனையை அந்தக் குளிர்க்கடலில் நுகர்ந்ததில் எங்களுக்கும் பெருமை. ஆனால் உலகச் சந்தையில் இன்று குவாத்தமாலா முன்னே நிற்கிறது என்பதை ஏலக்காய் வியாபாரிகள் மறக்கக்கூடாது.

கடைசியாக மஞ்சள் நிறப் படகுகளில் துர்க்கு நகரம் சேர்ந்தோம். அவை நெடுஞ்சாலையின் ஒரு பகுதி என்பதால் கட்டணம் இல்லை.

ஊர் திரும்பிப் பேரேட்டைப் புரட்டினோம். தம்பி கணக்கில் ஒரு பைசா பிசகவில்லை. ஒரு வாடிக்கையும் போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு விடுமுறை. தகப்பனார் சொன்னது தவறு என்று சொல்ல மாட்டோம். அவருக்குச் சாவி கொடுக்க ஆள் அமையவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அமைந்திருந்தால் வருடத்தில் பத்து நாளாவது சாவியைக் கொடுத்துப் பாருங்கள்.