கட்டடப் பொருள் வாணிபமும் வழிக்கணக்கும்

கட்டடப் பொருள் வாணிபத்திலே விற்பனை கடையில் முடிவதன்று. சீமெந்தும் கம்பியும் ஓடும் வாங்கியவர் வளவில் இறங்கிய பின்னரே அது முற்றுப்பெறும். காலையில் வரவேண்டிய சீமெந்து மாலையில் வருமாயின் மேசனும் கூலியாளும் வாளாவிருப்பர்; அன்றைய கூலியோ வீட்டுக்காரர் தலையில் விழும். சிறுகச் சேர்த்து வீடு கட்டுவார்க்கு இது பேரிழப்பேயாகும். 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக வாகனங்கள் நீண்ட வரிசையில் நின்றதையும் நாம் மறந்திலோம். ஆதலின் லொறி செல்லும் வழியை முன்னரே வகுத்தல் இன்றியமையாதது.

இஃது எளிதுபோலத் தோன்றும். ஆயின் பத்து இடங்களுக்குப் பொருள் கொண்டு செல்லவேண்டின், அவ்விடங்களை 3,628,800 வகையாக வரிசைப்படுத்தலாம். அனைத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் கையாற் செய்யத்தக்கதன்று.

பெற்றோல் நிலையங்களுக்கு எரிபொருள் அனுப்பும் வழிகளைப் பற்றி டான்ற்சிக், றாம்சர் என்னும் இருவர் 1959 இல் ஆராய்ந்தெழுதினர். 1964 இல் கிளார்க், றைற் என்பார் எளியதொரு முறையை வெளியிட்டனர். அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். கடையிலிருந்து ஓரிடம் 10 மைல், மற்றோரிடம் 12 மைல், அவ்விரண்டிற்கும் இடைத்தூரம் 4 மைல் எனக் கொள்வோம். தனித்தனியே சென்று மீண்டால் 44 மைல். ஒரே பயணத்திற் சேர்த்தால் 26 மைல். மிச்சம் 18 மைல். இவ்வாறு ஒவ்வோர் இணைக்கும் மிச்சங் கண்டு, மிகுந்த மிச்சந் தரும் இணைகளை முதலிற் சேர்த்தல் வேண்டும். லொறியின் கொள்ளளவு மிகாதவரை மேலும் சேர்த்துச் செல்லலாம். யாழ்ப்பாண நகரிலுள்ள கடைக்குச் சாவகச்சேரியும் கொடிகாமமும் ஒரு பயணமாகும். சாவகச்சேரியும் சங்கானையும் அவ்வாறு பொருந்தா. இம்முறை மிகக் குறுகிய வழியையே தரும் என்னும் உறுதியில்லை. ஆயினும் நல்ல வழியை விரைவிலே தரும்.

தூரம் மட்டும் போதாது, பாரமும் நோக்கற்பாலது. 50 கிலோ மூட்டைகள் 60 ஏற்றினாலே 3,000 கிலோவாகிவிடும். கடைசியாக இறக்கவேண்டியதை முதலில் ஏற்றுதல் பொதுவிதி. கம்பியை அடியில் வைத்து அதன்மேல் மூட்டைகளை அடுக்கியபின், முதல் வீட்டிலே கம்பி இறங்கவேண்டியிருப்பின், மூட்டைகளையெல்லாம் அகற்ற நேரிடும். கொங்கிறீற் போடும் வீட்டிற்குத் தூரம் பாராது முதலிற் செல்லவேண்டும். மாரிகாலத்திற் படங்கு இன்றிச் சீமெந்து ஏற்றுதல் தகாது.

இன்று கணினி இக்கணக்கை நொடியிற் செய்யும். எனினும் எந்த ஒழுங்கையில் லொறி திரும்பாது, எங்கே வெள்ளம் நிற்கும் என்பவற்றைச் சாரதியே அறிவார். அவரைக் கேளாது வகுத்த வழி பயன்படாது. வாணிபத் துறையிலுள்ள எம் பழைய மாணவர் ஒரு வாரப் பயணங்களைத் தாளில் எழுதி, மேற்கூறிய மிச்சத்தைக் கணித்துப் பார்ப்பாராக. கணிதம் கற்கும் இளைஞரும் அதற்குத் துணைபுரியலாம். மிச்சமாகும் மைல்கள் கடைக்காரருக்கு மட்டுமன்றி, பொருளை எதிர்பார்த்து வளவிலே காத்து நிற்பவருக்கும் உதவும்.