கடைசி ஆள் வைத்ததே வேகம்

காவிரிப் படுகையில் சைக்கிள் மிதிப்பவருக்கு மேடு கிடையாது, காற்று உண்டு. ஆனி, ஆடியில் சுவாமிமலையிலிருந்து பாபநாசம் பக்கமாக மேற்கே மிதித்துப் பாருங்கள். மலையேறுகிறவன் தோற்றான். அதனால் காற்று எழும்புமுன் விடிகாலையிலேயே மேற்கே போய்விட்டு, வெயில் ஏறியதும் காற்று முதுகைத் தள்ளக் கிழக்கே திரும்புவதுதான் புத்திசாலித்தனம். கேரியரில் புல்லுக்கட்டு வைத்து மிதிக்கிறவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னையிலிருந்து காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிற சங்கத்தாருக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகச் சைக்கிளில் கிளம்பும் வழக்கம் பழையது. இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் 1878இலேயே சைக்கிள் சுற்றுலாவுக்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். பிற்பாடு கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் கடிகாரக்காரர்கள்: 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்கிற பிரெவே ஓட்டங்கள். இன்னொரு பக்கம் அரட்டைக்காரர்கள்: 'சோஷியல் ரைடு'. இதற்குச் சட்டம் ஒன்றே ஒன்று. யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. கடைசியில் வருகிறவர் வைத்ததே வேகம். சென்னையில் சைக்கிளிங் யோகிஸ் குழுவினர் பழைய கட்டடங்களையும் கோயில்களையும் தேடிப் போவது இந்த இரண்டாவது வகை. என் ஓட்டும் இதற்குத்தான்.

தமிழ்நாடு பார்த்த மகத்தான கூட்டுச் சைக்கிள் பயணம் எந்தச் சங்கமும் நடத்தியதல்ல. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் பழக ஊக்கம் கொடுத்தார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். குடம், பிள்ளை, விளைபொருள் எல்லாம் சைக்கிளில் ஏறின. பஸ்ஸுக்காகக் காத்து நிற்பது குறைந்தது. இன்று பிளஸ் ஒன் மாணவிகள் அரசு தந்த சைக்கிளில் மூன்று பேராக வரிசை கட்டிச் சாலையை அடைத்துப் பேசிக்கொண்டே போகிறார்களே, அசல் சோஷியல் ரைடு அதுதான்.

சரி, வழிக்கு வருவோம். சுவாமிமலையில் கிளம்பி, திருவலஞ்சுழி, பட்டீஸ்வரம், பழையாறை, தாராசுரம் என்று சுற்றித் திரும்பினால் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். தஞ்சாவூர் மெயின் ரோட்டைக் குறுக்கே கடப்பதோடு சரி, அதில் மிதிக்க வேண்டாம். அங்கே பஸ்கள் போகும் போக்கில் அரட்டைக்கு இடமில்லை. உள்சாலைகளில் ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல், நடுநடுவே மதகு. மதகுக் கட்டையில் உட்கார்ந்தால் பின்தங்கியவர் வந்து சேர்ந்துவிடுவார்.

திருவலஞ்சுழியில் வெள்ளைப் பிள்ளையாருக்கு அபிஷேகம் கிடையாது; பச்சைக் கற்பூரப் பொடி சாத்துவதோடு சரி. கடல் நுரையால் ஆனவர் என்பது ஐதிகம். அங்குள்ள கல் பலகணியைப் பக்கத்தில் நின்று பாருங்கள். 'திருவலஞ்சுழிப் பலகணி நீங்கலாக' என்று சொல்லித்தான் அந்தக் காலச் சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்வார்களாம்.

பட்டீஸ்வரத்தில் துர்க்கையைப் பார்க்கப் பெருங்கூட்டம் வரும். அதே ஊரில் ராமநாதன் கோயிலில் ஆளிருக்காது. ராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், அது. சிற்றன்னைக்கு மகன் எழுப்பிய கோயில். காரில் போகிறவர்கள் தவறவிடுகிற இடம், சைக்கிளில் போனால் தவறாது. பிறகு ஊர்ப்பலகைகளை மட்டும் படித்துக்கொண்டே மிதித்தால் போதும்: சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர். மாளிகையும் இல்லை, படையும் இல்லை, நெல்தான் நிற்கிறது.

போவதற்கு நல்ல காலம் மார்கழியும் தையும். ஒரு எச்சரிக்கை. மார்கழிக் காலையில் தெருவை அடைத்துக் கோலம் போட்டிருப்பார்கள். இருபது சைக்கிள் அதன்மேல் ஏறிப் போனால் அந்த ஊரில் மறுமுறை தண்ணீர்கூடக் கேட்க முடியாது. இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் கௌரவமும் குறையாது.

மாசி, பங்குனியில் வேறொரு தொல்லை. சம்பா அறுப்புக்குப் பின் வயலில் எடுத்த உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறிப் போவதே கதிரடிப்பு. காய்ந்த கொடி கியர் சைக்கிளின் பின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் குத்தவைத்து உட்கார்ந்து விரலால் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க வேண்டும். ஒரே பல்சக்கரமும் முழுச் செயின்கவரும் உள்ள பழைய ஹெர்குலிஸ்காரர் அதே உளுந்தின்மேல் மணியடித்துக்கொண்டு போய்விடுவார்.

காற்றடிப்பதிலும் இந்த வித்தியாசம் உண்டு. ஊர்ப் பஞ்சர் கடைப் பம்பு வால்டியூப் போட்ட பழைய வால்வுக்கானது. விலை உயர்ந்த சைக்கிள்களின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் அது உட்காராது. சுண்டுவிரல் நுனி அளவுப் பித்தளை அடாப்டர் ஒன்று சட்டைப் பையில் இருந்தால் பிழைத்தீர்கள்.

திரும்பி வந்ததும் சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு எட்டிப் பாருங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு சிலைக்கு ஒரு அச்சு.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். சாப்பாட்டை வேனில் கட்டிக்கொண்டு வராதீர்கள். டீயும் இட்லியும் வழியில் உள்ள கடைகளில் சாப்பிடுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் கூட ஓட்டி வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், வழி அவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கக் கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.