குட்டித் தம்பிக்கு என்ன பொம்மை?



உங்கள் வீட்டில் மூன்று வயதை நெருங்கும் தம்பியோ தங்கையோ இருக்கிறார்களா? அடுத்த ஆண்டு அங்கன்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போகப் போகிறார்களா? அப்படியானால், அவர்களுக்குப் பொம்மை தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இந்தத் தடவை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தைத் தாண்டிக் கோயிலை நோக்கி நடந்தால் வழியெங்கும் கடைகள்தான். சொப்புச் சாமான், மரப்பாச்சி, பந்து, பேட்டரி கார்... எதை வாங்குவது? தம்பி பேட்டரி காரைத்தான் கேட்பான். பொத்தானை அமுக்கினால் கார் ஓடும், பாடும், விளக்கு எரியும். அவன் சும்மா உட்கார்ந்து பார்ப்பான். நாலாம் நாள் கார் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்!

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: விளையாடப் போவது பொம்மையா, குழந்தையா?

சொப்புச் சாமானைப் பாருங்கள். அது தானாக எதுவும் செய்யாது. ஆனால், உங்கள் தங்கை அதில் சோறு பொங்குவாள், பாட்டிக்குக் காபி ஆற்றுவாள், 'சூடு, மெதுவாக் குடி' என்பாள். பேச்சும் கற்பனையும் அதில் தானாக வளரும். பெரிய மணிகளைக் கயிற்றில் கோத்தால் விரல்கள் பழகும். அந்த விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்க வேண்டும்.

குழந்தைகள் கையால் தொட்டு, செய்து பார்த்துத்தான் கற்கிறார்கள் என்று சொன்னவர் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவருடைய பள்ளிகளில் 'இளஞ்சிவப்புக் கோபுரம்' என்று ஒரு விளையாட்டுப் பொருள் உண்டு. மொத்தம் 10 கனசதுரக் கட்டைகள். மிகச் சிறியது 1 செ.மீ., மிகப் பெரியது 10 செ.மீ. பெரியதைக் கீழே வைத்து, வரிசையாக அடுக்க வேண்டும். வரிசை தவறினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். யாரும் திருத்த வேண்டாம். குழந்தையே திருத்திக் கொள்ளும்.

நம் ராஜகோபுரமும் அப்படித்தானே! 236 அடி உயரம், 13 நிலைகள். கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகல். 1987இல் கும்பாபிஷேகம் கண்ட அந்தக் கோபுரத்தைத் தம்பிக்குக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டிகளைக் கொடுங்கள். செலவில்லாத கோபுரம் தயார்!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. என் பேரன் பல்லாங்குழி ஆடிவிட்டு, புளியங்கொட்டைகளை அப்படியே விட்டுப் போனான். இரண்டரை வயதுத் தங்கை ஒன்றை எடுத்து மூக்கில் நுழைத்துக் கொண்டாள். டாக்டர்தான் எடுத்தார். பேரன் அழுதுவிட்டான். எடுத்து வைக்கச் சொல்லாத என் தவறும் அதில் இருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணித்தான் வைப்போம்.

கடையில் கவனிக்க:

* எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய உருண்டை, கோலி, கழன்று வரும் கண், சக்கரம் வேண்டாம்.

* பொத்தான் பேட்டரி உள்ள பொம்மை வேண்டாம். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

* ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள்.

* ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். அரசிடம் பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு.

கடைசியாக ஒன்று. நீங்கள் உதவி செய்து தம்பி கட்டிய கோபுரத்தை அவனே தட்டிவிட்டுக் கைகொட்டிச் சிரிப்பான். கோபப்படாதீர்கள்! பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே, மறுபடியும் கட்டு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத பொம்மை, கூட விளையாட வரும் அண்ணனும் அக்காவும்தான்!