பவர் டில்லர் ஏன் வழுக்குது?

எங்க வீட்டுப் பவர் டில்லருக்கு என்னைவிட வயசு அதிகம். நாத்து முத்திப்போற நேரத்துல, சேத்துல இறக்கினா என்ஜின் மட்டும் உறுமுது, சக்கரம் நகரல. கியர் பாக்ஸ் போச்சுன்னு பயந்து அப்பா, அம்மாவோட தோட்டைக் கேட்டார்.

தோழிகளே, முதல்ல பெல்ட்டைப் பார்க்கணும், அதுவும் என்ஜினை நிறுத்திட்டு! என்ஜின் வேகத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோறது வி-பெல்ட்டுகள்தான். சைக்கிள் செயின் மாதிரி இதுக்குப் பிடிக்கப் பல் கிடையாது. பெல்ட்டோட இரண்டு பக்கமும் புல்லிப் பள்ளத்தைக் கவ்வணும். அடிப்பக்கம் பள்ளத்தைத் தொட்டால் தேய்ஞ்சிருச்சுன்னு அர்த்தம். எண்ணெய் பட்டாலும் வழுக்கும், ரப்பர் கருகுற வாடை வரும்.

எங்களுது வெறும் தொய்வு. என்ஜின் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்னால தள்ளி இறுக்கினோம். ரொம்ப இறுக்கினா பேரிங் கெட்டுடும். ஸ்பேனர் பிடிச்சது நான்தான்!

மறுநாளே உழவு முடிஞ்சது. தோடு அம்மா காதுலயே இருக்கு.