பழைய பேப்பரில் கூடை, பழைய சேலையில் மிதியடி... காசு செலவில்லாத கைவேலை!

கோடை விடுமுறை தொடங்கிய முதல் வாரத்திலேயே பல வீடுகளில் நடக்கும் கதை இது. பிள்ளைகள் மொபைலில் ஒரு வீடியோ பார்ப்பார்கள். அதில் காலி வாட்டர் பாட்டில் இரண்டே நிமிடத்தில் அழகான பூச்சாடியாகிவிடும். உடனே, "அம்மா, க்ளூ கன் வேணும், ஸ்ப்ரே பெயின்ட் வேணும், கிளிட்டர் வேணும்" என்று பட்டியல் வந்து நிற்கும். கடைக்கு ஓடி எல்லாம் வாங்கி வந்து, பூச்சாடியும் தயாராகும். பத்து நாள் டி.வி. பக்கத்தில் நிற்கும். பிறகு தூசி படிந்து குப்பைக்குப் போகும்.

அந்த பாட்டிலை அப்படியே விட்டிருந்தால் பழைய பேப்பர்க்காரராவது எடைக்கு எடுத்திருப்பார். பெயின்ட்டும் பசையும் மினுமினுப்பும் ஏறிய பாட்டிலை அவரும் தொடமாட்டார். குப்பையைக் குறைக்கப் போய், குப்பையைக் கூட்டியதுதான் மிச்சம்.

அதனால் எந்தக் கைவேலையைத் தொடங்கும் முன்பும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இதற்காகக் கடையில் புதிதாக எதையாவது வாங்க வேண்டுமா? செய்து முடித்த பொருளை வீட்டில் யாராவது தினமும் எடுத்துப் புழங்குவார்களா? இந்த இரண்டிலும் தேறுகிற வேலைகளில் முதலிடம், பாட்டிமார் செய்து வந்த காகிதக் கூழ் கூடைக்குத்தான்.

வெந்தயம் போட்ட கூடை

மூங்கில் முறத்திலும் கூடையிலும் இடுக்கு விழுந்தால், அந்தக் காலத்தில் தூக்கிப் போடமாட்டார்கள். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, அந்தக் கூழை மேலே பூசிக் காயவைப்பார்கள். வெந்தயத்தின் வழுவழுப்பு காகிதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்; அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். மூங்கிலே இல்லாமல், பானையைக் கவிழ்த்து அதன்மேல் கூழை அப்பித் தனிக் கூடையாகவும் எடுப்பதுண்டு.

இன்றைக்கும் அதே முறைதான். செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து வாளியில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றினால் நாற்றம் வராது. பளபளப்பான வார இதழ் அட்டைகள் சரியாகக் கரையாது, அவற்றை ஒதுக்கிவிடலாம். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக இரவு முழுக்க ஊறவையுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து, தண்ணீர் தாராளமாக விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும். ஒரேயடியாகத் திணித்தால் மிக்ஸி சூடாகிவிடும். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய ஜார் இருந்தால் அதுதான் சரி. ஆட்டுக்கல் இன்னும் இருக்கும் வீட்டுக்காரர்கள் பாக்கியசாலிகள்.

அரைத்த கூழைத் துணியில் கட்டி, சப்பாத்தி மாவு பதம் வரும் வரை பிழிந்தெடுங்கள். அடி குறுகி வாய் அகன்ற ஒரு பேசினைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத் துணியை விரித்து, கூழை அரை அங்குல கனத்துக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். வாய் குறுகிய பாத்திரம் என்றால் காய்ந்ததும் கழற்ற முடியாது. துணியை விட்டுவிட்டால், காயும்போது கூழ் சுருங்கிப் பாத்திரத்தைக் கவ்விக்கொண்டு வெடிக்கும். முதல் முறை செய்கிற பலரும் தவறுவது இங்கேதான்.

வெயிலில் இரண்டு நாள் காய்ந்து வெளிப்புறம் கெட்டியானதும் கழற்றி, உட்புறத்தையும் காயவிடுங்கள். தட்டினால் 'டக் டக்' என்று மரம் போல ஓசை வரவேண்டும். மேலே பழைய பருத்தித் துணி ஒட்ட, மைதாவைத் தண்ணீரில் காய்ச்சிய பசை போதும். போஸ்டர் பசையில் கலப்பதுபோல மயில்துத்தம் சேர்க்க வேண்டாம். அது விஷம், குழந்தைகள் கை வைக்கும் பொருளில் கூடவே கூடாது.

பாட்டி அதில் வடகமும் வற்றலும் வைத்திருப்பார். ஆனால் செய்தித்தாள் மை உணவில் படுவது உடம்புக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. எனவே தோல் உரிக்காத பூண்டு, தையல் சாமான், சாவி, சார்ஜர் ஒயர் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சேலை மிதியடி

நைந்துபோன பருத்திச் சேலையைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. பிறந்த குழந்தையைப் போர்த்தியது, தூளி கட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். அதை மிதியடியாக்கச் சங்கடப்படுபவர்கள், அதே பின்னலை டைனிங் டேபிளில் சூடான பாத்திரம் வைக்கும் விரிப்பாக்கலாம்.

ஜரிகை, கரையை முதலில் பிரித்துவிடுங்கள். பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு நீளவாக்கில் கிழித்தால், பருத்தி நூல் பிடித்து நேராகக் கிழியும், கத்தரிக்கோலே தேவையில்லை. மூன்று நாடாக்களைச் சேர்த்துச் சடை பின்னுவதுபோல் பின்னிக்கொண்டே போய், அந்தப் பின்னலைச் சுருள் சுருளாகச் சுற்றித் தடித்த நூலால் தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைத்தால் நூலை இழுக்க இழுக்கக் கிண்ணம்போல் குழிந்துவிடும். தரையில் பரப்பி வைத்துத் தைப்பதே சரி.

டைல்ஸ் தரை உள்ள வீட்டில், அதுவும் வயதானவர்கள் இருக்கும் வீட்டில், இந்த மிதியடி வழுக்கும். அடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டுகள் நான்கைத் தைத்துவிட்டால் பிடிப்பு கிடைக்கும். அதைச் செய்யாமல் குளியலறை வாசலில் போடவே வேண்டாம்.

ஊசி நூலே வேண்டாமா?

பிள்ளைகளுக்கு ஏற்றது டி-ஷர்ட் பை. கைகளையும் கழுத்தையும் வெட்டிவிடுங்கள். கீழ்ப்பக்கம், இரண்டு அடுக்கும் சேர்த்து ஓர் அங்குல அகலம், மூன்று அங்குல நீளத்துக்கு வரிசையாக வெட்டி, முன்துண்டையும் பின்துண்டையும் முடிச்சுப் போட வேண்டும். பக்கத்து முடிச்சுகளையும் ஒன்றோடொன்று கட்டினால் ஓட்டை அடைபடும். அரைமணி நேர வேலை. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை இருந்தும், மார்க்கெட்டில் பை கேட்டு நிற்பவர்கள் குறையவில்லை. தன் கையால் செய்த பையை எடுத்துப்போக எந்தப் பிள்ளையும் மறக்காது. துணி இழுபடும் என்பதால் காய்கறிக்குச் சரி, ஐந்து கிலோ அரிசிக்கு வேண்டாம்.

கொட்டாங்குச்சியில் செடி வைக்கவும் பலருக்கு ஆசை. தாராளமாக வைக்கலாம். ஆனால் அதன் கண்ணைக் குத்தித் தண்ணீர் வடிய வழிசெய்த பிறகே மண் போடுங்கள். தேங்கிய கொஞ்சம் தண்ணீரே டெங்கு கொசு முட்டையிடப் போதும். முட்டை கொசுவாகிப் பறக்கச் சுமார் பத்து நாள்தான். செடி வைக்காமல் மாடியில் போட்டு வைத்திருக்கும் மிச்சக் கொட்டாங்குச்சிகளை இன்றைக்கே கவிழ்த்து வையுங்கள்.